ஆர்டிஸ் பக்கத்துக் கதவு

அந்த வாரம் நான் ஒரு பெரிய தீர்மானத்துக்கு வந்தேன். இனிமேல் இந்த வீட்டில் எதற்கும் பயப்படுவதில்லை. தீர்மானத்தை மனசுக்குள்தான் எடுத்தேன். வாய்விட்டுச் சொன்னால் ஆர்டிஸ் காதில் விழுந்துவிடும்.

ஆர்டிஸ் என் மனைவி. கல்யாணமான நாளிலிருந்து அவள் என்னைக் கடிந்து ஒரு வார்த்தை சொன்னதில்லை. "அப்படியா?" என்று மட்டும் கேட்பாள். அந்த "அப்படியா?"வுக்கு நான் நடுங்குகிற நடுக்கத்தை எங்கள் மினசோட்டாப் பக்கத்தில் கரடியைப் பார்த்தவன்கூட நடுங்கியிருக்க மாட்டான்.

என் பயங்களில் ஆர்டிஸுக்கு முதலிடம். பல் டாக்டருக்கு அடுத்த இடம். மூன்றாவது, ஏரி மேல் உறைந்து கிடக்கும் ஐஸ். இந்த மூன்றாவதை ஊரில் யாரிடமும் மூச்சுவிட்டதில்லை. ஜனவரி வந்தால் ஊரே வண்டியை ஏரி மேல் ஓட்டிக்கொண்டு போய், ஐஸில் துளை போட்டு, மீன் பிடிக்க உட்கார்ந்துவிடும். அதற்குப் பயப்படுகிறவன் என்று பெயர் வாங்கினால் அப்புறம் முடிதிருத்தும் கடையில்கூட மரியாதை கிடைக்காது. அதனால் வருஷா வருஷம் சிரித்துக்கொண்டே ஐஸ் மேல் வண்டியை ஏற்றுவேன். உள்ளே குடல் முறுக்கும். வெளியே முறுக்கிக்கொள்ள மீசை இல்லாததால் தொப்பியைச் சரிசெய்துகொள்வேன்.

இப்படி மூன்று பயங்களோடு நிம்மதியாக இருந்தவனுக்கு நாலாவதாக வந்து சேர்ந்தது என் வண்டியின் கதவுப் பூட்டு.

வண்டி ஒரு பழைய பிக்கப். வயசு இருபத்தொன்று. அதுவே கடைக்குப் போய்ச் சட்டப்படி பீர் வாங்கிக்கொள்ளலாம். கதவுகளில் கையால் இழுத்துவிடுகிற குமிழ்கள் எல்லாம் எப்போதோ உடைந்து விழுந்துவிட்டன. பூட்டுப் பித்தானை நம்பித்தான் பிழைப்பு. ஒரு பக்கம் அமுக்கினால் இரண்டு கதவும் பூட்டும், மறுபக்கம் அமுக்கினால் இரண்டு கதவும் திறக்கும். இந்தக் குளிர்காலத்தில் என் பக்கத்துக் கதவு மட்டும் சொந்தமாக யோசிக்க ஆரம்பித்தது. சும்மா நிற்கும், திடீரென்று "டக்" என்று பூட்டிக்கொள்ளும். சர்ச் வாசலில் எஞ்சினை ஓடவிட்டுக் கண்ணாடியில் பனி சுரண்ட இறங்கினேன். டக். ஆர்டிஸ் பக்கத்துக் கதவோ பனியில் உறைந்து ஒட்டியிருந்தது. மேல்கோட்டு உள்ளே, நான் வெளியே. பாஸ்டர் வந்து தன் கோட்டைப் போர்த்திவிட்டு, "பொறுமையைக் கத்துக்கோ, வெர்லின்" என்றார். இன்னொரு நாள் மளிகைக்கடை வாசலில் நான் உள்ளே இருக்கும்போதே டக். ஆர்டிஸ் பக்கத்துக் கதவு வழியாக, கியர் கம்பியைக் கட்டிப்பிடித்து, தலைகீழாக வெளியே வந்தேன். தயிர் வாங்கப் போன பெண்கள் எல்லாரும் பார்த்தார்கள்.

அன்று ராத்திரி சாப்பாட்டில் ஆர்டிஸ் சட்டம் போட்டாள். தட்டில் அவள் செய்த ஹாட்டிஷ், கறிக்கு மேல் உருளைக்கிழங்கை அடுக்கிச் சுடுகிற எங்கள் ஊர்ச் சாப்பாடு, மேலே மொறுமொறுவென்று இருந்தது. அதை ரசிக்கவிடவில்லை.

"வெர்லின், பூட்டு சரியாகற வரைக்கும் வண்டி ஐஸ் மேல ஏறக் கூடாது."

"சனிக்கிழமை எல்லாரும் போறாங்களே. என் மீன்பிடிக் குடில் வேற அங்கதான நிக்குது."

"நிக்கட்டும். அது எங்க ஓடப் போகுது?"

"நடந்தா போறது? சாமானையெல்லாம் ஸ்லெட்ஜ்ல இழுத்துக்கிட்டு? சிரிப்பாங்க ஆர்டிஸ்."

"சிரிக்கறவங்க வந்து உன்னைத் தண்ணிலேர்ந்து தூக்குவாங்களா?"

அவள் கேட்டதில் நியாயம் இருந்தது. ஐஸ் மேல் ஏறினால் சீட் பெல்ட்டைக் கழற்ற வேண்டும், கண்ணாடியை இறக்க வேண்டும், கதவு பூட்டாமல் இருக்க வேண்டும். எங்கள் ஊர்ப் பிள்ளைகளுக்கு ஜெபத்துக்கு முன்னாலேயே இதைச் சொல்லிக்கொடுத்துவிடுவார்கள். ஐஸ் உடைந்தால் யோசிக்க நேரமிருக்காது, பாய்ந்துவிட வேண்டும். தானாகப் பூட்டிக்கொள்ளும் கதவோடு ஏரிக்குப் போவது, சவப்பெட்டியை நாமே ஓட்டிக்கொண்டு போவது மாதிரி.

"ஹார்லன்கிட்ட விடு. ஒரு மணி நேர வேலை" என்றாள்.

ஹார்லன் அவளுடைய சித்தப்பா மகன், மெக்கானிக். வேலையில் குறை சொல்ல முடியாது. வாய்தான் பிரச்சினை. போன தடவை பிரேக் பார்க்க விட்டபோது சீட்டுக்கு அடியில் டோனட் டப்பாக்களைக் கண்டுபிடித்தான். இனிப்பைத் தொடக் கூடாதென்று எனக்கு டாக்டர் உத்தரவு. நான் வீடு வந்து சேர்வதற்குள் டப்பா எத்தனை, எந்தக் கடை என்பது வரைக்கும் ஆர்டிஸுக்குத் தெரிந்திருந்தது. அவனிடம் வண்டியைத் திறந்து காட்டுவதும், அவளிடம் என் வயிற்றைத் திறந்து காட்டுவதும் ஒன்றுதான்.

"ஹார்லன் எதுக்கு? நானே சரிபண்றேன்."

ஆர்டிஸ் கரண்டியைக் கீழே வைத்தாள்.

"அப்படியா?"

வேறென்ன வேண்டும். மறுநாளே பழைய வண்டிகளை உடைத்து விற்கிற இடத்தில் தேடி ஒரு பூட்டு மோட்டார் வாங்கிவந்தேன். தீப்பெட்டி இரண்டைச் சேர்த்து வைத்த அளவு. இந்தச் சுண்டைக்காய்க்கா இவ்வளவு பயந்தோம் என்று நினைத்துக்கொண்டு கராஜ் கதவைச் சாத்தினேன்.

கதவின் உள்பக்க அட்டையைக் கழற்ற வேண்டும். திருகுகளை எடுத்தாகிவிட்டது. மிச்சத்தை பிளாஸ்டிக் கவ்விகள் பிடித்துக்கொண்டிருந்தன. ஒன்றை நெம்பினேன், பட்டென்று உடைந்தது. அடுத்ததை மெதுவாக நெம்பினேன், அது மெதுவாக உடைந்தது. வீட்டுக்குள்ளிருந்து ஆர்டிஸ் குரல் கொடுத்தாள்.

"என்ன சத்தம்?"

"வேலை நடக்கற சத்தம்."

"உடையற சத்தம் மாதிரி கேக்குது."

"ரெண்டும் ஒரே மாதிரிதான் இருக்கும்."

அட்டை கழன்று வந்தது. உள்ளே கும்மிருட்டு. கதவுக்குள் ஒரு கை நுழையத்தான் இடம். நுழைத்தேன். துழாவினேன். பழைய மோட்டாரின் கம்பியைத் தொட்ட அதே நொடி, டக். விரலைக் கவ்விவிட்டது. பல்லைக் கடித்துக்கொண்டேன். கத்தினால் அவள் வருவாள். அவள் வந்தால் "அப்படியா?" வரும். விரல் போனாலும் பரவாயில்லை.

ஒரு வழியாகப் பழசை எடுத்துப் புதுசை வைத்தேன். அதன் பிளக் சேரவில்லை. பிளக்கை வெட்டிவிட்டு, இரண்டு ஒயர்களையும் கையாலேயே முறுக்கிச் சேர்த்தேன். எது எதோடு? இரண்டுக்கு இரண்டு, இதில் என்ன தப்பு வந்துவிடப் போகிறது? நடுவில் ஒரு மெல்லிய கம்பி கைநழுவிக் கதவின் அடிக்குப் போய்விட்டது. விரலை விட்டேன், எட்டவில்லை. காந்தம் விட்டேன், காந்தம் கதவோடு ஒட்டிக்கொண்டது. இந்த வண்டி இருபத்தொரு வருஷமாக எவ்வளவோ சாமான்களை உதிர்த்துவிட்டு ஓடுகிறது, இந்தக் கம்பி இல்லாமலா நின்றுவிடும் என்று அட்டையைப் பொருத்திவிட்டேன். உடைந்த கவ்விகள் இருந்த இடத்தில் டேப் ஒட்டினேன்.

கண்ணாடியை இறக்கிப் பார்த்தேன். நாலு விரல் அளவு இறங்கி, உள்ளே எதிலோ இடித்து நின்றது. கம்பி எங்கே இருக்கிறது என்பது தெரிந்தது.

பரவாயில்லை, பூட்டைப் பார்ப்போம் என்று பூட்டுகிற பக்கம் அமுக்கினேன். ஆர்டிஸ் பக்கத்துக் கதவு பூட்டியது, என் கதவு திறந்தது. திறக்கிற பக்கம் அமுக்கினேன். ஆர்டிஸ் பக்கத்துக் கதவு திறந்தது, என் கதவு பூட்டிக்கொண்டது. வியர்த்துவிட்டது. வெளியே மைனஸ் இருபது, எனக்குக் கழுத்தில் வியர்வை. பூட்டு ரிப்பேர் ஆகவில்லை, எதிர்க்கட்சியில் சேர்ந்துவிட்டது.

மறுபடி பிரிக்க வேண்டும். ஒயரை மாற்றினால் போதும். ஆனால் மிச்சமிருந்தது இரண்டே கவ்வி. அதுவும் உடைந்தால் அட்டை மடியில் விழும், குட்டு வெளிப்படும். அப்புறம் ஹார்லன், டோனட், டாக்டர். யோசித்தேன். அது எதிராகத்தானே நடக்கிறது? நான் எதிராக அமுக்கினால் நேராகிவிடும். தனியாகத்தானே போகப் போகிறேன். என் கதவு திறந்திருந்தால் போதாதா?

ராத்திரி ஆர்டிஸ் டார்ச்சோடு கராஜுக்கு வந்தாள்.

"எங்க, பூட்டிக் காட்டு."

வண்டிக்குள் உட்கார்ந்து, திறக்கிற பக்கத்தைக் கட்டைவிரலால் மறைத்து அமுக்கினேன். டக். என் கதவைப் பிடித்து இழுத்துப் பார்த்தாள். பூட்டியிருந்தது.

"திற."

மற்றதை அமுக்கினேன். திறந்தது. ஆர்டிஸ் வண்டியைச் சுற்றி ஒரு நடை நடந்தாள். நாய் வாங்குகிறவள் மாதிரி அங்கங்கே தட்டிக்கொடுத்தாள். "இன்னொரு தடவை பூட்டு" என்று அந்தப் பக்கத்திலிருந்து சொன்னாள். பூட்டினேன். அவள் மெதுவாகச் சுற்றி என் பக்கம் வந்தாள்.

"பரவாயில்லையே, வெர்லின். கைத்தொழில் வந்துடுச்சு" என்றாள். "சனிக்கிழமை நானும் வரேன்."

"எங்க?"

"உன்கூட. ஏரிக்கு."

"குளிருமே. உனக்கு மீன் வாசனை ஆகாதே. போன வருஷம்கூட..."

"வண்டி சரியாயிடுச்சுல்ல? அப்புறம் என்ன பயம்?"

பயம் என்ற வார்த்தையை அவள் சொல்லியிருக்கக் கூடாது. தீர்மானம் எடுத்த ஆம்பிளை நான். "யார் பயந்தா?" என்று சொல்லிவிட்டேன். அன்றைக்குத் தூங்கவில்லை. அவளை ஏற்றிக்கொண்டால் இரண்டு கதவு திறந்திருக்க வேண்டும். என் பூட்டில் அதற்கு வழியே கிடையாது. என் கதவு திறந்தால் அவள் கதவு பூட்டும். அவள் கதவு திறந்தால் என் கதவு பூட்டும். யார் பிழைப்பது என்பதை நான்தான் பித்தானால் முடிவு பண்ண வேண்டும்.

சனிக்கிழமை காலையில் காற்று கிளம்பி, கிடந்த பனியையெல்லாம் கிளப்பிவிட்டது. பத்தடிக்கு மேல் கண் தெரியவில்லை. "போகலாமா, வேணாமா?" என்று ஆசையோடு கேட்டேன். "கிளம்பு" என்றாள். பின்னல் ஊசியையும் நூலையும் எடுத்துக்கொண்டாள். காப்பி ஃபிளாஸ்க்கை மடியில் வைத்துக்கொண்டாள்.

ஊர் எல்லை தாண்டியதும் அவள் பெல்ட்டைக் கழற்றிவிட்டுத் தன் பக்கத்துக் கண்ணாடியை முழுசாக இறக்கினாள். பனி உள்ளே அடித்தது. என் மூக்குக்கண்ணாடி இரண்டு நிமிஷத்தில் வெள்ளையாகிவிட்டது.

"உன் பக்கம் ஏன் நாலு விரல்தான் இறங்கியிருக்கு?"

"உனக்குக் குளிருமேன்னுதான்."

"அப்படியா?"

என் ஒரு கை ஸ்டியரிங்கில், ஒரு கை பித்தானில், கண் பித்தானில், காது ஆர்டிஸிடம். பாதையைப் பார்க்க என்னிடம் மிச்சம் எதுவும் இல்லை. அவளே தலையை வெளியே நீட்டி வழி சொல்லிக்கொண்டு வந்தாள்.

"மெதுவா. இடது பக்கம் திரும்பு. மரம் தெரியுது பாரு, அதை ஒட்டிப் போ."

கிறிஸ்துமஸ் முடிந்ததும் பழைய மரங்களைக் கொண்டுபோய் ஐஸ் மேல் நட்டுப் பாதைக்கு அடையாளம் வைப்பது எங்கள் ஊர் வழக்கம். மங்கலாக மரம் தெரிந்தது. சரிவில் இறங்கினோம். கரையில் ஐஸ் ஏறும் இடத்தில் வழக்கமாக வருகிற குலுக்கல் வந்தது. அப்புறம் சமதரை. எங்கும் வெள்ளை.

"ஏரிக்கு வந்துட்டோம்" என்றேன்.

ஆர்டிஸ் தலையை உள்ளே இழுத்துக்கொண்டாள்.

சமதரை கிடைத்ததும் வண்டி கொஞ்சம் வேகம் பிடித்தது. பழைய வண்டியானாலும் அதில் ஒரு நவநாகரிகம் உண்டு. வேகம் ஏறினால் தானாக இரண்டு கதவையும் பூட்டும். பூட்டியது. டக்.

"வெர்லின், என் பக்கம் பூட்டிக்கிச்சு."

"அப்படியா?" என்றேன். வாழ்க்கையில் முதல் முறையாக அந்த வார்த்தை எனக்குப் பயன்பட்டது.

"உன் பக்கம் திறந்திருக்கு."

"தற்செயலா இருக்கும்."

"ஐஸ் மேல என் கதவு பூட்டியிருக்கு. உன் கதவு திறந்திருக்கு. இது தற்செயலா?"

"ஐயோ ஆர்டிஸ், நீ நினைக்கற மாதிரி ஒண்ணும் இல்ல. இரு, திறக்கறேன்."

அமுக்கினேன். டக். அவள் கதவு திறந்தது, என் கதவு பூட்டியது. என் பக்கம் தண்ணீர் ஏறுகிற மாதிரி காலெல்லாம் சில்லிட்டது. என்னையறியாமல் விரல் மறுபடி அமுக்கிவிட்டது. டக். என் கதவு திறந்தது.

"மறுபடியும் என்னைப் பூட்டிட்டே."

"விரல் வழுக்கிடுச்சு."

"சரியா என் பக்கமா வழுக்குதே உன் விரல்."

டக். அவளுக்கு. டக். எனக்கு. உயிரைப் பங்குபோட முடியாமல் தவித்துக்கொண்டிருந்தேன். கடைசியில் பெரிய மனசு பண்ணி, அவள் கதவைத் திறந்துவிட்டு விரலை எடுக்கப் போனேன். கதவுக்குள் "சிர்ர்" என்றது. கருகின வாடை வந்தது. அப்புறம் எப்படி அமுக்கினாலும் பித்தான் செத்துக் கிடந்தது. நான் முறுக்கின ஒயர் ஃபியூஸைக் கொன்றுவிட்டது.

என் கதவு பூட்டினது பூட்டினதுதான். கண்ணாடி நாலு விரல். பனிக்கால உடுப்போடு அந்தச் சந்தில் என் கைகூட முழுசாக நுழையாது.

பிரேக் போட்டு நிறுத்தினேன். எஞ்சின் அதிர்வில் ஐஸ் விரிசல் விடுமோ என்று அதையும் அணைத்தேன். சுற்றிலும் நிசப்தம். அந்த நிசப்தத்தில் எங்கிருந்தோ "டும்ம்ம்" என்று ஒரு முழக்கம். குளிரில் ஐஸ் இறுகும்போது அப்படி முழங்கும், ஆபத்தில்லை, ஊருக்கே தெரியும். எனக்கும் தெரியும். தெரிந்து என்ன பிரயோஜனம்?

"ஆர்டிஸ், கதவைத் திறந்து இறங்கு. நான் உன் பக்கமா வந்துடறேன்."

ஆர்டிஸ் ஃபிளாஸ்க்கைத் திறந்து காப்பி ஊற்றிக்கொண்டாள்.

"உன் கதவுக்கு என்ன ஆச்சு?"

"அதெல்லாம் கரைக்குப் போய்ப் பேசிக்கலாம்."

"எனக்கு இங்கயே சௌகரியமா இருக்கு." பின்னல் ஊசியை எடுத்தாள். "சொல்லு."

டும்ம்ம்.

"ஒயர மாத்திக் குடுத்துட்டேன்" என்றேன். "அது எதிரா வேலை செய்யுது. கண்ணாடி இறங்கறதில்ல, ஒரு கம்பி உள்ள விழுந்துடுச்சு. அட்டையை டேப் போட்டு ஒட்டியிருக்கேன். போதுமா? இறங்கு."

"கராஜ்ல காட்டினியே?"

"ஏமாத்தினேன்."

"எனக்குத் தெரியும். நீ பூட்டிக் காட்டினப்ப அந்தப் பக்கத்துக் கதவு என் கையில திறந்துது."

தெரிந்துமா வண்டியில் ஏறினாள்?

ஆர்டிஸ் ஊசியை மடியில் வைத்தாள். என்னைப் பார்க்கவில்லை. வெளியே பறக்கிற பனியைப் பார்த்துக்கொண்டு பேசினாள்.

"நீ ஏரிக்குப் போற ஒவ்வொரு தடவையும் நான் சமையல்கட்டு ஜன்னல்ல நிக்கறேன், வெர்லின். பாத்திரம் கழுவறேன்னு நினைச்சுக்கிட்டிருக்கே. கழுவின பாத்திரத்தையே மறுபடி மறுபடி கழுவறேன். உன் வண்டி திரும்பற சத்தம் கேக்கற வரைக்கும் ஜன்னலை விட்டு நகரமாட்டேன். பூட்டு கெட்டுப்போனதுல எனக்குக் கோபம் இல்ல. அதை மறைச்சுட்டு இதுமேல தனியா வரலாம்னு நினைச்சியே, அதுதான் எனக்குப் பயமா இருக்கு. இந்த வயசுல நான் யாருக்கு ஹாட்டிஷ் பண்றது?"

அவளுக்குப் பயம் என்று ஒன்று உண்டு என்பதே எனக்குப் புதுச் செய்தி. இத்தனை வருஷமாக வீட்டில் பயப்படுகிற உத்தியோகம் என்னுடையது என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அவள் கையைப் பிடிக்க வேண்டும் போல இருந்தது. பிடித்தேன். கையுறைக்கு மேல் கையுறை, ஒன்றும் தெரியவில்லை. இருந்தாலும் பிடித்திருந்தேன். மனசு நிஜமாகவே கஷ்டப்பட்டது.

"தப்புதான் ஆர்டிஸ். நான்கூடப் பயந்துக்கிட்டுதான் இருந்தேன். வருஷா வருஷம் பயந்துக்கிட்டுதான் ஐஸ் ஏறறேன்."

"அதுவும் தெரியும். தொப்பியைத் தொட்டுத் தொட்டு நூல் பிரிஞ்சு கிடக்கு."

டும்ம்ம். இந்தத் தடவை இன்னும் கிட்டத்தில்.

"சரி, இப்ப இறங்கலாமா?"

"இறங்கலாம்." மறுபடி பின்ன ஆரம்பித்தாள். "வண்டி நேரா ஹார்லன்கிட்ட போகும்."

"போகட்டும்."

"அவன் சரிபண்ணிக் குடுத்தப்புறமும் சாவி என்கிட்ட இருக்கும். வண்டி ஐஸ் ஏறணுமா, வேணாமான்னு நான் சொல்லுவேன்."

"இந்தக் குளிர்காலத்துக்கு மட்டுமா?"

"எல்லாக் குளிர்காலத்துக்கும்."

"அது கொஞ்சம் அதிகமில்லையா ஆர்டிஸ்? குடிலுக்கு நான் எப்படிப் போறது?"

"ஸ்லெட்ஜ் இருக்கு. கால் இருக்கு."

"ஒரு ஆம்பிளைன்னா அவனுக்குன்னு ஒரு..."

டும்ம்ம்ம்ம்.

"எல்லாக் குளிர்காலத்துக்கும்" என்றேன். "சத்தியமா. இந்தா சாவி."

சாவியை வாங்கிக் கோட்டுப் பையில் போட்டு, பையின் ஜிப்பையும் இழுத்துவிட்டு, நூலைச் சுருட்டி, ஃபிளாஸ்க்கைக் கையில் எடுத்துக்கொண்டு கதவைத் திறந்து இறங்கினாள். அதுவரை நான் உயிரோடிருந்ததே பெரிய விஷயம். கியர் கம்பியைத் தாண்டி, சீட்டில் உருண்டு, வெளியே தலைகுப்புற விழுந்தேன்.

விழுந்தவன் எழுந்திருக்கவில்லை. ஐஸ் சந்தேகமாக இருந்தால் நிற்கக் கூடாது, படுத்துப் பாரத்தைப் பரப்ப வேண்டும் என்று எங்களுக்குப் பள்ளிக்கூடத்திலேயே சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். கையையும் காலையும் அகல விரித்துக்கொண்டேன்.

"ஆர்டிஸ், நிக்காத. படு."

"நான் நின்னுக்கறேன்."

"ஒரே இடத்துல பாரம் விழும். வண்டி பக்கத்துல இருக்காத. என் பின்னாலயே ஊர்ந்து வா."

"நீ முன்னால போ" என்றாள்.

ஊர்ந்தேன். தாடை பனியை உழுதுகொண்டு போயிற்று. வாய்க்குள் பனி, சட்டைக்குள் பனி. கரை எந்தப் பக்கம் என்று தெரியவில்லை. முழங்கையை ஊன்றி, வயிற்றை இழுத்து, தெரிந்த ஜெபங்களையெல்லாம் சொல்லிக்கொண்டு போனேன். ஜெபம் தீர்ந்து சாப்பாட்டுக்கு முன்னால் சொல்கிறதையும் சொல்லிவிட்டேன். அப்போது என் மூக்குக்கு முன்னால் ஒரு நாயின் மூக்கு வந்து நின்றது. நாய்க்குப் பின்னால் ஒரு ஜோடி பூட்ஸ். நிமிர்ந்தேன். எங்கள் தெருவில் எதிர்வீட்டு லவோன், காலை நடைக்கு வந்திருந்தாள்.

"வெர்லின், என்னப்பா தேடறே?"

"நிக்காத லவோன். படுத்துக்கோ. ஐஸ் சரியில்ல."

"எந்த ஐஸ்?"

நாய் என் காதுக்குப் பக்கத்தில் பனியைப் பறித்தது. பனிக்குக் கீழே மஞ்சளாக, காய்ந்து போய், புல். கையால் தள்ளிப் பார்த்தேன். அந்தப் பக்கமும் புல். லவோன் குனிந்து என் முகத்தைக் கவலையோடு பார்த்தாள்.

"இது பேஸ்பால் மைதானம்பா. ஏரி அந்தாண்ட இருக்கு. உனக்கு உடம்பு ஒண்ணும் இல்லையே?"

காற்று கொஞ்சம் தணிந்தது. முதலில் கம்பிவலை தெரிந்தது. அப்புறம் பார்வையாளர் பெஞ்சு. அதை அடுத்து, நான் பாதை அடையாளம் என்று நம்பிய, பண்டிகை முடிந்து ஊர்க்காரர்கள் கொண்டுவந்து கொட்டிய பழைய மரங்களின் குவியல். அதற்கும் அப்பால், கரைக்குக் கீழே, நிஜமான ஏரி தன் பாட்டுக்கு டும்ம் என்று முழங்கிக்கொண்டிருந்தது. அதன் மேல் ஊர் ஆம்பிளைகளின் வண்டிகள் வரிசையாக நின்றிருந்தன.

எழுந்து நின்றேன். முன்பக்கம் முழுக்க வெள்ளை, பின்பக்கம் முழுக்கக் கறுப்பு. திரும்பி ஆர்டிஸைப் பார்த்தேன். கதவில் சாய்ந்து காப்பியை முடித்துக்கொண்டிருந்தாள்.

"ஏரின்னு சொன்னியே?"

"நான் எங்க சொன்னேன்? நீதான் சொன்னே. நான் மரத்தை ஒட்டிப் போன்னேன்."

"இடது பக்கம் திரும்பச் சொன்னியே?"

"அந்தப் பூட்டோட உன்னை ஐஸ் மேல விடுவேன்னு நினைச்சியா?"

"அப்படின்னா நான் குடுத்த சத்தியம் செல்லாது" என்றேன். எனக்கும் கொஞ்சம் சட்டம் தெரியும். "சாகப் போறோம்னு நினைச்சுக் குடுத்தது அது."

"லவோன், நீயே சொல்லு. தரையில நின்னு குடுத்த சத்தியம் செல்லாதா?"

"தரையில குடுத்தா செல்லும்" என்றாள் லவோன். நாயும் என்னைத்தான் பார்த்தது.

ஆர்டிஸ் வண்டிக்குள் ஏறித் தன் கதவைச் சாத்தி, நகர்ந்து என் இடத்தில் உட்கார்ந்தாள். எஞ்சின் முதல் திருப்பிலேயே எடுத்தது, எனக்கு ஒரு நாளும் அப்படி எடுத்ததில்லை. லவோனை நாயோடு ஏறிக்கொள்ளச் சொன்னாள். நாயும் ஏறி, இருந்த இடமும் நிரம்பிவிட்டது. நான் ஓடிப்போய் அந்த நாலு விரல் சந்தில் வாயை வைத்தேன்.

"எங்க போறே?"

"ஹார்லன்கிட்ட."

"அப்ப நான் எப்படி வீட்டுக்கு வர்றது?"

ஆர்டிஸ் கியரைப் போட்டாள்.

"நடந்து வா, வெர்லின். பயப்படாத, ஐஸ் கெட்டியாத்தான் இருக்கு."